தாத்தா கேட்ட தூக்கம்

மார்ச் 4, திங்கள்

கட்டைவிரலில் ஒட்டிய சிவப்பு மை போகவே மாட்டேன் என்கிறது. சோப்பு போட்டுத் தேய்த்தாயிற்று, எலுமிச்சைத் தோல் வைத்துத் தேய்த்தாயிற்று. மதியச் சோற்றில் கை வைக்கவே எரிச்சலாக இருக்கிறது.

காலையில் சூப்பர்வைசர் வுத்தி ஓவர்டைம் தாளை நீட்டிக்கொண்டு வந்தான். 'என் சொந்த விருப்பத்தின் பேரில் கூடுதல் நேரம் வேலை செய்யச் சம்மதிக்கிறேன்' என்று அச்சடித்திருக்கிறது. கீழே எங்கள் பெயர்கள், எதிரே கைநாட்டு. எழுதப் படிக்கத் தெரிந்தவளுக்கும் கைநாட்டுதான்.

"விருப்பம் இல்லேன்னா வைக்க வேணாம்க்கா, யாரையும் கட்டாயப்படுத்தல," என்று சிரித்தான். "என்ன, ஒப்பந்தம் முடியறப்ப மேனேஜர் இந்தத் தாளைத்தான் பாப்பாரு."

வைத்தேன். தங்கச்சி சாந்தூவும் வைத்தாள். காலையில் உட்கார்ந்தால் இருட்டிய பிறகுதான் எழுந்திருப்போம். லாரியில் நின்றபடியே ஒருத்தி தோளில் ஒருத்தி தூங்கி விழுவோம். இது என் விருப்பமாம்! மேலே தகரக் கூரை கொதிக்கிறது. கீழே நாங்கள் பனி கொட்டும் ஏதோ ஒரு நாட்டுக்காரர்களுக்காகப் பஞ்சு வைத்த குளிர்ச்சட்டை தைக்கிறோம். அந்தப் பஞ்சுத் தூசி என் தொண்டையில் குடியேறிவிட்டது. இருமி இருமிக் குரலே கட்டைக்குரலாகிவிட்டது.

அடுத்த மெஷின் கிம்லி எனக்கு 'மிளகாய்' என்று பெயர் வைத்திருக்கிறாள். இன்று கேட்டாள், "என்னடி மிளகாய், தாளைக் கிழிச்சு அவன் மூஞ்சியில எறியப்போறேன்னு பாத்தேன், நீயும் அமுக்கிட்டியே?"

ஆமாம். நானும்தான்.

மார்ச் 8, வெள்ளி

மகளிர் தினம். நாட்டுக்கே விடுமுறை. எங்களுக்கு மட்டும் 'ஏற்றுமதி அவசரம்'. வாசலில் ஆளுக்கு ஒரு சோப்பு கொடுத்தார்கள். வுத்தி ஒலிபெருக்கியில் பேசினான்: "பெண்கள்தான் இந்தத் தொழிற்சாலையின் முதுகெலும்பு."

"அதான் இப்படி வலிக்குது," என்றாள் கிம்லி.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாந்தூவுக்கு இது ஐந்தாம் மாதம். போன வருஷம் ஒன்று தங்காமல் போயிற்று. அப்போதும் இதே மாதிரி ஓர் அவசரம். அவள் புருஷன் தாய்லாந்தில் கட்டட வேலையில் இருக்கிறான், வந்து பார்க்கக்கூட முடியவில்லை. இப்போது பாதம் இரண்டும் வீங்கி, செருப்பு வார் உள்ளே புதைகிறது. போன ஞாயிறு சுகாதார நிலையத்து மருத்துவச்சி அவளைத் திட்டாமல் என்னைத் திட்டினாள்.

"அக்காகாரின்னு கூட வந்திருக்கீங்களே, பாக்கறதில்லையா? ரத்த அழுத்தம் ஏறிக்கிட்டே போவுது. பொழுது சாஞ்சா படுக்கணும், காலைத் தூக்கி வச்சுத் தூங்கணும். இல்லேன்னா போன தடவை மாதிரிதான் ஆவும். அப்புறம் எங்கிட்ட வந்து அழக்கூடாது."

பொழுது சாய்ந்தால் படுக்கணுமாம். எங்கே படுக்க? மெஷின் மேலேயா?

தண்ணீரும் குடிப்பதில்லை சாந்தூ. ஒரு லைனுக்கு, கழிப்பறை போக அனுமதி அட்டை ஒன்றே ஒன்றுதான். அது கைக்கு வருவதற்குள் அடக்கி அடக்கி உயிர் போய்விடும். அதனால் குடிக்காமலே இருந்துவிடுகிறாள். எல்லோரும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை கிளினிக் வாசலில் குளுக்கோஸ் ஏற்றிக்கொள்ள வரிசையில் நிற்கிறோம். அதுதான் எங்கள் ஓய்வு.

மார்ச் 14, வியாழன்

விழுந்துவிட்டாள்.

சாந்தூ முதலில், அவளைத் தூக்கப் போன பெண் அடுத்து, பிறகு ஜன்னல் பக்கத்தில் வரிசையாக. ஒருத்தி விழுவதைப் பார்த்ததும் அடுத்தவளுக்கு மூச்சு முட்டுகிறது. தொழிற்சாலை மருத்துவ அறையில் கட்டில் போதவில்லை, துணிப் பொதிகளின் மேல் கிடத்தினார்கள். சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தார்கள். "காத்து புடிச்சிருக்கு" என்று ஒருத்தி தைலம் தடவி, காற்று இறங்கட்டும் என்று காசின் விளிம்பால் முதுகைச் சுரண்டினாள். சாந்தூவின் முதுகு முழுக்கச் சிவப்புக் கோடு. நான் அவள் வயிற்றில் கை வைத்துக்கொண்டே இருந்தேன். அசைந்தது. அதன் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

காற்றா பிடித்தது? வேலை பிடித்திருக்கிறது. அதை எந்தக் காசால் சுரண்டுவது?

இதற்குள் லைன் முழுக்க ஒரே பேச்சு, காவல் தாத்தாவுக்குக் கோபம் என்று. இந்த மண்ணுக்குச் சொந்தக்காரர், கண்ணுக்குத் தெரியாத காவல் தெய்வம் அவர். இலவ மரத்தடியில் சின்னக் குடிலில் இருந்தார். கன்டெய்னர் லாரி திரும்ப இடமில்லை என்று மரத்தை வெட்டி, குடிலை ஜெனரேட்டருக்குப் பின்னால் வைத்துவிட்டார்கள். "அங்க யாரால இருக்க முடியும்? அந்தச் சத்தத்துல தாத்தாவுக்குத் தலை வலிக்காதா?" என்று கிம்லியே கேட்கிறாள். தாத்தாவின் தலைவலி இவளுக்குத் தெரிகிறது. தன் தலைவலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு தைக்கிறாள்.

மார்ச் 16, சனி

தாத்தாவுக்குப் படைக்கப் பன்றி வந்தது. முழுசாகச் சுட்ட பன்றி, தோல் மினுமினுக்க. கோழி, அரிசிச் சாராயம், சிகரெட். மேனேஜர் ஊதுவத்தியைத் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார். அவருக்கு எங்கள் மொழி ஒரு வார்த்தை வராது, ஆனால் பேய் பிசாசு என்றால் எங்களைவிட அதிக பயம். அவர் மேசையிலேயே அவர் ஊர்ச் சாமி ஒன்று உட்கார்ந்திருக்கிறது.

பூஜை முடிந்ததும் வுத்தி அறிவித்தான்: பூஜைக்குப் போன நேரத்தை இன்று மாலை கூடுதலாக வேலை செய்து சரிக்கட்ட வேண்டும்.

மயங்கி விழுந்ததற்குப் பூஜை. பூஜை போட்டதற்கு இன்னும் வேலை. நான் அறைக்கு வந்து சாந்தூவின் காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டே கத்தினேன், பக்கத்து அறைக்காரி சுவரைத் தட்டும் வரைக்கும். பன்றி யார்டா கேட்டா? தூங்க விடுங்கடா!

மார்ச் 19, செவ்வாய்

மயக்கத்தை விசாரிக்க அதிகாரிகள் வந்தார்கள். குளிர்ந்த காரிலிருந்து இறங்கி, மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு சுற்று. முடிவு: தொழிலாளிகள் காலை உணவைத் தவிர்க்கிறார்கள், ஊருக்குப் பணம் அனுப்புவதற்காக வயிற்றைக் காயப்போடுகிறார்கள், பெண்கள் என்பதால் எளிதில் பயந்துவிடுகிறார்கள்.

காலைச் சாப்பாட்டை ஏன் தவிர்க்கிறோம்? விடியும் முன்னே லாரி வந்து நிற்பதால். அதைக் கேட்க ஒருத்தருக்கும் வாய் வரவில்லை.

நான் வுத்தியிடம் போனேன். பல்லைக் கடித்துக்கொண்டு மரியாதையாகவே கேட்டேன். சாந்தூவை மட்டும் பொழுது சாய்ந்ததும் அனுப்பிவிடுங்கள், மருத்துவச்சி சொல்லியிருக்கிறாள், வேண்டுமென்றால் அவள் பங்கையும் நான் தைக்கிறேன் என்றேன்.

"கர்ப்பம் ஒண்ணும் நோய் இல்லையேக்கா," என்றான். "என் பொண்டாட்டியும் சுமந்தா. ஒருத்திக்கு விட்டா நாளைக்கு எல்லாரும் வயித்தைத் தள்ளிக்கிட்டு வந்து நிப்பாங்க."

உன் பொண்டாட்டி மின்விசிறிக்கு அடியில படுத்துக்கிட்டுச் சுமந்தாடா பாவி.

இதைச் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன். எத்தனை வருஷமாக இப்படி நோட்டில் மட்டும் வீராங்கனையாக இருக்கிறேன்?

மார்ச் 24, ஞாயிறு

தூங்கினேன். திட்டுவதற்குக்கூடத் தெம்பு இல்லை.

மார்ச் 28, வியாழன்

நேற்று நடந்ததை உள்ளபடி எழுதி வைக்கிறேன். ஊர் முழுக்க வேறு மாதிரி பேசுகிறது.

சாயங்கால மணி அடித்தது. அந்த மணி வீட்டுக்குப் போக அல்ல, ஓவர்டைம் தொடங்க. சாந்தூ மெஷினை நிறுத்திவிட்டுத் தலையை அதன் மேல் சாய்த்தாள். கொஞ்ச நேரம்தான். மேனேஜருடன் வந்த வுத்தி அவள் காதுக்குப் பக்கத்தில் மேசையை ஓங்கித் தட்டினான். அவள் திடுக்கிட்டு எழுந்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டாள், முகம் வெளுத்துவிட்டது. நான் சட்டென்று எழுந்தேன். காலையிலிருந்து உட்கார்ந்தே இருந்த உடம்பு, கண் இருட்டிக்கொண்டு வந்தது. முழங்கால் மடங்கி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன், சம்மணம் போட்ட மாதிரி. தலைமுடி அவிழ்ந்து முகத்தில் விழுந்தது. இருட்டு ஒரு கணம்தான். மயங்கவில்லை. எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது, ஒவ்வொரு சொல்லும்.

அந்தக் கட்டைக்குரலில் மேனேஜரைப் பார்த்துக் கத்தினேன்: "டேய்! பன்றி யாருடா கேட்டா? தூங்க விடுடா! நாள் பூரா தடதடன்னு ஓட்டுறியே, ராத்திரியும் ஓட்டணுமா? பொழுது சாஞ்சா விளக்கை அணைடா! இந்தப் புள்ளைங்க மேல இனிமே கை வச்சே, பாத்துக்க!"

எல்லா மெஷினும் நின்றது. வேலை போயிற்று என்று நினைத்தேன். போகட்டும் என்றும் நினைத்தேன்.

கிம்லிதான் முதலில் கும்பிட்டாள். "தாத்தா!" என்று அப்படியே தரையில் விழுந்தாள். அவளுக்குப் பின்னால் லைன் முழுக்க.

"தாத்தாவும் இல்ல பாட்டியும் இல்ல, நான்தான்டி!" என்றேன்.

"ஆமா தாத்தா, நீங்கதான் தாத்தா. கோவிச்சுக்காதீங்க தாத்தா."

யாரோ ஒருத்தி எரியும் சிகரெட்டை என் வாயில் சொருகினாள். இருமல் பிய்த்துக்கொண்டு வந்தது. அந்த இருமலைக் கேட்டு இன்னும் நாலு பேர் விழுந்தார்கள், கிழவனார் இருமுகிறாராம். வுத்தி மேனேஜரிடம் மொழிபெயர்த்தான். மேனேஜர், அந்த மனுஷர், முழங்காலிட்டார். பொழுது சாய்ந்தால் மெஷின் ஓடாது என்று என் முன்னால் கையடித்துக் கொடுத்தார். வுத்தி அதை எனக்குச் சொல்லும்போது என்னை 'தாங்கள்' என்றான்.

மூன்று வருஷமாக ஒவ்வொரு கூட்டத்திலும் கையைத் தூக்கி, "ஐயா, ஐயா" என்று நான் கேட்டது இதே விஷயம்தான். அப்போது ஒரு ஈ காக்கை திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு தையற்காரி மேனேஜரை 'டேய்' என்று கூப்பிட மாட்டாள், அதனால் கூப்பிட்டது தாத்தாதான். இவ்வளவுதான் இவர்கள் கணக்கு. நான், சொதியா, எவ்வளவு கத்தினாலும் சொதியா பேசியதாக ஆகாது.

மார்ச் 29, வெள்ளி

வெளிச்சத்தில் வீட்டுக்கு வந்தோம். சந்தையில் மாங்காய்க்காரியின் முகத்தை இப்போதுதான் சரியாகப் பார்க்கிறேன், கன்னத்தில் ஒரு மச்சம் இருக்கிறது. சாந்தூ மிளகாய் உப்பு தொட்டு மாங்காய் தின்றாள், காலை நீட்டிப் படுத்தாள், விடியும் வரை புரளவில்லை.

எனக்குத்தான் தூக்கம் வரவில்லை, கோபத்தில்.

ஏப்ரல் 2, செவ்வாய்

தாங்க முடியவில்லை. என் மெஷின் மேல் வாழைப்பழமும் மல்லிகையும் வைக்கிறார்கள். கழிப்பறை அட்டை முதலில் என்னிடம் வருகிறது. கிம்லி காதோடு கேட்கிறாள், "தாத்தா, வர்ற குலுக்கல்ல எந்த நம்பர் விழும்னு ஒரே ஒரு தடவை..." நான் முறைத்தால், "சரி சரி, அப்புறமா சொல்லுங்க" என்கிறாள். திட்டினாலும் அருள், இருமினாலும் அருள்.

நாளைக்கு எல்லோர் முன்னாலும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று சாந்தூவிடம் சொன்னேன். என் வாய், என் வார்த்தை. அதை எவரோ ஒரு கிழவருக்கு ஏன் எழுதி வைக்க வேண்டும்?

அவள் எதற்கும் எதிர்த்துப் பேசாதவள். கைநாட்டு வை என்றால் வைப்பாள். என் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்தாள்.

"குழந்தை பொறக்கற வரைக்கும் தாத்தாவாவே இரேன்க்கா."

வாயை மூடிக்கொண்டேன். மூடிய வாய்க்குள் நாக்கு கொதிக்கிறது.

ஏப்ரல் 7, ஞாயிறு

மருத்துவச்சி சிரித்தாள். வீக்கம் வடிந்திருக்கிறது, அழுத்தம் இறங்கியிருக்கிறது. "என்ன மருந்து குடுத்தீங்க?" என்று கேட்டாள். தூக்கம் என்றேன். "அதைத்தானே அன்னிக்கே சொன்னேன்," என்றாள். இவளும் அதையேதான் சொல்லியிருந்தாள். இவள் பேச்சையும் யாரும் கேட்கவில்லை. இவள் மேலும் எந்தத் தாத்தாவும் வரவில்லை.

ஏப்ரல் 9, செவ்வாய்

புத்தாண்டு விடுமுறைக்கு முன் ஆர்டர் போயாக வேண்டும். வுத்திக்கு மூளை வேலை செய்துவிட்டது. தலைநகர் நோம் பென்னிலிருந்து ஒரு சாமியாடியைக் கூட்டி வந்தான். வெள்ளைச் சட்டை, கை நிறைய மோதிரம், வாசனைத் தண்ணீர் மணம். வேலை முடியும் நேரத்துக்கு எங்களை எல்லாம் நிறுத்தி வைத்து, ஜெனரேட்டர் பக்கம் குடிலின் முன்னால் ஆடினான்.

"பேரப் புள்ளைங்களா," என்றான் குரலை நடுக்கி. "எனக்குக் கோபம் தணிஞ்சிருச்சு. விளக்கு எரியட்டும், மெஷின் ஓடட்டும். எனக்குத் தங்க வர்ணம் பூசிப் புதுக் குடில் ஒண்ணு மட்டும் கட்டிக் குடுங்க. அந்தப் பொண்ணு மேலேர்ந்து நான் இறங்கிட்டேன்."

மோதிர விரலை என் பக்கம் நீட்டினான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வுத்தியும் பார்த்தான், உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு.

எனக்கு நன்றாகத் தெரியும். அந்த இடத்திலேயே நான் விழுந்து, முடியை அவிழ்த்துவிட்டு, "டேய் போலிப் பயலே" என்று ஒரு கத்து கத்தியிருந்தால் போதும். அத்தனை பேரும் என் பக்கம்தான் விழுந்திருப்பார்கள். சாந்தூவின் கண்ணும் அதைத்தான் கேட்டது. விழு அக்கா, விழு.

ஆனால் இன்றைக்கு ஒரு தாத்தா, நாளைக்கு அவனுக்கு ஒரு தாத்தா. அவனிடம் பணம் இருக்கிறது, வேண்டிய அளவு தாத்தாக்களை நகரத்திலிருந்து இறக்குவான். நான் எத்தனை தடவை விழுவேன்?

விழவில்லை. கை கூப்பினேன். மேனேஜரைப் பார்த்து மரியாதையாகவே பேசினேன்.

"ஐயா, தாத்தா இறங்கிட்டாராம், நல்லது. இப்ப சொதியா பேசறேன். பொழுது சாஞ்சா என்னால தைக்க முடியாது. உடம்பு கேக்கல. என் தங்கச்சி புள்ளத்தாச்சி, அவளாலயும் முடியாது."

"அப்ப அன்னிக்குப் பேசினது யாரு?" வுத்தி கேட்டான்.

"அதுவும் நான்தான்."

கிம்லியின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். "அடிப் பாவி! அப்ப நான் உன் கால்லயாடி விழுந்தேன்?" என்று அத்தனை பேர் நடுவிலும் கத்தினாள். "எங்க அம்மா கால்லகூட அப்படி விழுந்ததில்லடி!"

"விழாதேன்னு சொன்னேனே, கேட்டியா?"

ஓவர்டைம் மணி அடித்தது. நான் மெஷின் பக்கம் போகாமல் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தேன். சாந்தூ என் பின்னால் வந்தாள். வேறு காலடிச் சத்தமே இல்லை. முதுகு கூசியது. பாதி தூரம் போன பிறகு கிம்லியின் குரல் கேட்டது: "உன் கால்ல விழுந்ததுக்குக் கூலியா இன்னிக்காவது நேரத்தோட வீட்டுக்குப் போறேன்டி. நாளையிலேர்ந்து உன்கூடப் பேச மாட்டேன்." அவளுக்குப் பின்னால் செருப்புகள், நிறைய செருப்புகள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அழுதிருப்பேன், அது அந்த வுத்திக்குத் தெரிந்திருக்கும்.

ஏப்ரல் 12, வெள்ளி

அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். கர்ப்பிணிகள் பொழுது சாயும்போது போகலாம். மற்றவர்களுக்கு ஓவர்டைம் இனி ஒரு மணி நேரம்தான். அரசு விடுமுறை நாளில் வேலை இல்லை. எல்லாம் 'நிர்வாகத்தின் கருணையால்'.

அதே பலகையில் கீழே இன்னொரு தாள், புத்தாண்டுக்குப் பிறகு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாதவர்கள் என்று. ஒரே ஒரு பெயர்.

வுத்தி வருத்தப்படுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வந்தான். "மேனேஜர் முடிவுக்கா. தாத்தான்னா மன்னிச்சிருப்பாரு. நீங்கன்னு சொல்லிட்டீங்களே." சொல்லத்தான் சொன்னேன், திரும்பக் கேட்டாலும் சொல்வேன் என்றேன். வெளியே வந்து சுவரை உதைத்தேன். கால்தான் வலித்தது.

ஏப்ரல் 20, சனி

வேலை தேடி நாலு இடம். வாசலிலேயே என் பெயரைக் கேட்டதும் ஆள் எடுப்பு முடிந்துவிட்டது என்கிறார்கள். எரிகிறது.

ஜூன் 3, திங்கள்

சந்தைக்குப் பின்னால் பள்ளிச் சீருடை தைக்கும் கடையில் உட்கார்ந்திருக்கிறேன். கூலி குறைச்சல், கடைக்காரி ஒரு சிடுமூஞ்சி. இருந்தாலும் வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்துவிடுகிறேன். இருமல் பாதி குறைந்திருக்கிறது, குரல் இன்னும் கிழவன் குரல்தான்.

இன்று சாயங்காலம் வள்ளைக் கீரையை அலசிக்கொண்டிருந்தேன். சாந்தூ வந்தாள், கூடவே ஓவர்டைமுக்கு மட்டம் போட்டுவிட்டுக் கிம்லி. 'பேச மாட்டேன்' என்ற கிம்லி அன்றிலிருந்து ஒரு நாள்கூடப் பேசாமல் இருந்ததில்லை.

மாத முதல் திங்கள். ஓவர்டைம் தாள் வரும் நாள். என் கண் தானாகச் சாந்தூவின் கைக்குப் போயிற்று.

"வைக்கலையா?"

"இல்லக்கா." வேறெதுவும் சொல்லாமல் காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துப் படுத்துவிட்டாள். வயிறு மலையாக நிற்கிறது.

கிம்லிக்குத்தான் வாய் நிற்கவில்லை. இந்த மாதம் ரொம்ப அவசரம், கர்ப்பிணிகளும் வைக்கணும் என்று வுத்தி தாளை நீட்டினானாம். சாந்தூ தலையை நிமிர்த்தி, "வைக்க மாட்டேங்க. பொழுது சாஞ்சா நான் வீட்டுக்குப் போயிடுவேன்" என்றாளாம். "எனக்கே சரியாக் கேக்கலடி, அவ்வளவு சன்னக் குரல்! ஆனா அவன் அப்படியே ஒரு அடி பின்னால போயிட்டான். 'யா... யாரு பேசறது? தாத்தாவா?'ன்னு கேக்கறான்."

"இவ என்ன சொன்னா?"

"இல்லைங்க, நான்தான்னு சொன்னா."

நான் திரும்பிப் பார்த்தேன். சாந்தூ கண்ணை மூடிக்கொண்டு ஒரு கையை வயிற்றின் மேல் வைத்திருந்தாள். வாசலில் இன்னும் வெயில் இருந்தது. அவள் கட்டைவிரலில் மை இல்லை.

"கீரையில பூண்டு நிறையப் போடுக்கா," என்றாள் கண்ணைத் திறக்காமலே.